அடுத்தவர் லேப்டாப்பில் ஓடுகிறதா?

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு எந்த டூல் நல்லது என்று கேட்டால் பேச்சு எடிட்டரில்தான் தொடங்குகிறது. எடிட்டரைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட் எதுவானாலும் விஎஸ் கோட் போதும். ஆண்ட்ராய்டு என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ. ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

டூல்களை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே ஒரு சோதனை. உங்கள் குழுவில் இல்லாத ஒருவரின் லேப்டாப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் ரெப்போவை (ப்ராஜெக்ட்டின் எல்லா ஃபைலும் இருக்கும் கிட் சேமிப்பிடம்) புதிதாக க்ளோன், அதாவது பிரதி செய்து, ரீட்மீ என்ற விளக்க ஃபைலில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து, 15 நிமிடத்துக்குள் ப்ராஜெக்ட் ஓட வேண்டும். பக்கத்தில் நின்று "அந்த ஃபைலை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புறேன், டெஸ்க்டாப்புல போட்டுக்கோ" என்று யாரும் சொல்லக்கூடாது. ஜீரோத் ரிவ்யூவுக்கு (ப்ராஜெக்ட்டின் முதல் மதிப்பீடு) முன்பு ஒரு தடவை, அதன் பிறகு ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் இரண்டு நாள் முன்பு ஒரு தடவை இதைச் செய்துபாருங்கள். இந்தச் சோதனையில் தேற உதவுகிற டூலைத்தான் முதலில் கற்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேச வசதியாக ஒரு ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம்: நான்கு பேர் சேர்ந்து செய்யும் ஹாஸ்டல் அவுட்பாஸ் செயலி. பின்னால் பைத்தான் ஃப்ளாஸ்க், முன்னால் ரியாக்ட், வார்டனுக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப். கட்டளைகளை நாம் வாயால் சொல்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கிட்

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்க, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதிய டூல் இது. அதன் ஆழம் முழுவதும் உங்களுக்குத் தேவையில்லை. க்ளோன், ஸ்டேட்டஸ், ஆட், கமிட், புல், புஷ், ஸ்விட்ச், மெர்ஜ் என்ற எட்டும் கைவசமானால் நான்கு பேர் ஒரு வருடம் வேலை பார்க்கலாம். கமிட் என்பது மாற்றங்களைப் பதிவுசெய்வது, புஷ் அதை இணையத்தில் உள்ள ரெப்போவுக்கு அனுப்புவது, புல் அங்கிருந்து வாங்குவது, மெர்ஜ் இரண்டு கிளைகளைச் சேர்ப்பது. ஒவ்வொரு ஆட்-க்கும் முன்பு ஸ்டேட்டஸ் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான விபத்துகள் "கிட் ஆட் புள்ளி" என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதில்தான் நடக்கின்றன.

முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோர் ஃபைல் (கிட் கண்டுகொள்ளக்கூடாதவற்றின் பட்டியல்) இருக்க வேண்டும். ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ரெப்போ தொடங்கும்போதே பைத்தானுக்கோ நோடுக்கோ உரிய டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுக்கலாம். நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டர், வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர், பைகேஷ், ரகசியக் கீகள் இருக்கும் என்வி ஃபைல் எல்லாம் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கமிட் ஆகிவிட்ட ஃபோல்டரின் பெயரைப் பிறகு கிட்இக்னோரில் எழுதினால் எதுவும் நடக்காது. கிட் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டேதான் இருக்கும். "கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்டு" என்று அடித்துப் பக்கத்தில் ஃபோல்டர் பெயரைக் கொடுத்து, ஒரு கமிட் போட வேண்டும். ஃபோல்டர் உங்கள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும், ரெப்போவிலிருந்து மட்டும் போய்விடும்.

மெஷின் லேர்னிங் குழுக்கள் தவறாமல் மாட்டிக்கொள்வது 100 எம்பி வரம்பில். 50 எம்பி தாண்டினால் கிட்ஹப் எச்சரிக்கும், 100 எம்பி தாண்டினால் புஷ்ஷையே மறுத்துவிடும். உடனே மாடல் ஃபைலை அழித்து இன்னொரு கமிட் போட்டுவிட்டுத் திரும்பப் புஷ் செய்வார்கள். அதே எர்ரர் வரும். காரணம், அழித்தது இன்றைய கமிட்டில்தான், நேற்றைய கமிட்டுக்குள் அந்த ஃபைல் பத்திரமாக இருக்கிறது, புஷ் என்பது எல்லா கமிட்டையும் சேர்த்து அனுப்புவது. வழி இது: முதலில் ப்ராஜெக்ட் ஃபோல்டரை வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு "கிட் ரீசெட் --சாஃப்ட் ஆரிஜின்/மெயின்". இன்னும் புஷ் ஆகாத கமிட்டுகள் எல்லாம் கலைந்து, செய்த மாற்றங்கள் மட்டும் கையில் நிற்கும். பெரிய ஃபைலை "கிட் ரிஸ்டோர் --ஸ்டேஜ்டு" கொடுத்து வெளியே எடுத்து, கிட்இக்னோரில் சேர்த்து, மற்றதை ஒரே கமிட்டாகப் போட்டுப் புஷ் செய்யுங்கள். மாடல் ஃபைலின் இடம் கூகுள் டிரைவ் அல்லது கிட்ஹப் ரிலீஸஸ். லிங்க்கை ரீட்மீயில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் 15 நிமிடச் சோதனை அங்கேயே தோற்றுவிடும்.

கல்லூரி லேபில் புஷ் செய்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. 2021 ஆகஸ்ட் 13-லிருந்து டெர்மினலில் கிட்ஹப் பாஸ்வேர்டு செல்லாது. விண்டோஸில் பிரவுசர் திறந்து லாகின் கேட்கும், அந்த லாகினை விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். காலை பேட்ச் மாணவர் லாகின் செய்த அதே விண்டோஸ் கணக்கில் மதியம் நீங்கள் புஷ் செய்தால் 403 எர்ரர் வரும், அதில் முன்பின் தெரியாத ஒரு பெயரும் இருக்கும். கண்ட்ரோல் பேனலில் க்ரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் க்ரெடென்ஷியல்ஸில் கிட்ஹப் வரியை நீக்கினால் சரியாகிவிடும். வேலை முடிந்து எழுந்திருக்கும்போது உங்கள் லாகினையும் இதேபோல் நீக்கிவிட்டுப் போங்கள். கூடவே யூசர் நேம், யூசர் இமெயில் இரண்டையும் குளோபல் போடாமல் அந்த ரெப்போவுக்கு மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மூன்று மணி நேரம் உழைத்த கமிட் இன்னொருவர் பெயரில் ஏறும். யார் எவ்வளவு செய்தார்கள் என்று கைடு கிட்ஹப்பைத் திறந்து பார்க்கும் நாளில் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்றதும் பயந்து, ஃபோல்டரையே அழித்துவிட்டு ஜிப் வாங்கிக்கொள்கிற குழுக்கள் இருக்கின்றன. அது எப்படி இருக்கும் என்று ஒருமுறை அருகில் வைத்துப் பாருங்கள்:

<<<<<<< ஹெட்
கடைசி_நேரம் = "18:00"
=======
கடைசி_நேரம் = "20:00"
>>>>>>> வார்டன்-பக்கம்

மேலே இருப்பது நீங்கள் நிற்கும் கிளையில் உள்ள வரி. கீழே இருப்பது உள்ளே வரும் கிளையின் வரி. இருவரும் ஒரே வரியை மாற்றியதால் எது சரி என்று கிட் உங்களைக் கேட்கிறது. எழுதிய இருவரும் பேசி ஒரு வரியை வைத்துக்கொண்டு, குறி உள்ள மூன்று வரிகளையும் நீக்கி, நிரலை ஓட்டிப் பார்த்து, ஆட், கமிட். பாதியில் குழம்பினால் "கிட் மெர்ஜ் --அபார்ட்" அடித்தால் மெர்ஜ் தொடங்குவதற்கு முன்பிருந்த நிலைக்குப் போய்விடலாம். எதையும் "ஃபோர்ஸ்" போட்டுப் புஷ் செய்யாதீர்கள். அது நண்பரின் கமிட்டை அழிக்கும்.

இரண்டு வரி மாற்றியதற்கு முந்நூறு வரியிலும் கான்ஃப்ளிக்ட் வந்தால், தவறு நிரலில் இல்லை. ஒருவர் எடிட்டரில் சேவ் செய்யும்போதே ஃபார்மேட் ஆகிறது, இன்னொருவருக்கு இல்லை. அல்லது ஒருவர் டேப், ஒருவர் நான்கு ஸ்பேஸ். அல்லது விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வரி முடிவுக் குறி வேறு. பைத்தானுக்கு பிளாக் அல்லது ரஃப், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ப்ரெட்டியர் என்று ஒன்றை முடிவுசெய்து, அதன் அமைப்பு ஃபைலை ரெப்போவிலேயே வையுங்கள். வரி முடிவுக்கு, கிட்அட்ரிப்யூட்ஸ் ஃபைலில் "* டெக்ஸ்ட்=ஆட்டோ" என்ற ஒரு வரி போதும். இதை முதல் நாளில் செய்ய 10 நிமிடம். நான்காவது மாதத்தில் செய்தால் ஒரு நாள்.

ஜூபிடர் நோட்புக்கை இருவர் ஒரே நேரத்தில் தொடக்கூடாது. அது உள்ளே ஜேசன் ஃபைல். நீங்கள் போட்ட கிராஃப் படங்கள்கூட எழுத்தாக அதற்குள் கிடக்கும். கான்ஃப்ளிக்ட் வந்தால் நோட்புக்கே திறக்காது. ஒரு நோட்புக்குக்கு ஒருவர், கமிட்டுக்கு முன்பு அவுட்புட்டை க்ளியர் செய்வது, பொதுவான ஃபங்ஷன்களை தனி பைத்தான் ஃபைலுக்கு மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏபிஐ கீ (வெளிச் சேவை ஒன்றைப் பயன்படுத்த உங்களுக்குத் தரப்படும் ரகசியக் குறி) தெரியாமல் பப்ளிக் ரெப்போவுக்குப் போய்விட்டதா? முதலில் அந்தச் சேவையின் தளத்துக்குப் போய் கீயை ரத்துசெய்யுங்கள். ஃபைலை அழிப்பதும் ரெப்போவை பிரைவேட் ஆக்குவதும் பிறகு. பழைய கமிட்டில் கீ இருந்துகொண்டேதான் இருக்கும். பப்ளிக் ரெப்போக்களில் கீ தேடி மேய்வதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடுகின்றன.

பைத்தான் சூழல்

ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் "பைத்தான் -எம் வென்வ் வென்வ்", பிறகு ஆக்டிவேட், பிறகு பிப் இன்ஸ்டால். வென்வ் என்பது இந்த ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ்களுக்கு மட்டுமான தனி இடம், பிப் அந்தப் பேக்கேஜ்களை இறக்கும் டூல். பவர்ஷெல்லில் ஆக்டிவேட் செய்யும்போது ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை என்று சிவப்பில் வந்தால், சிஎம்டி ஜன்னலில் செய்யுங்கள், அங்கே இந்தத் தடை கிடையாது. இன்ஸ்டால் செய்யும்போது வெறும் பிப் என்பதற்குப் பதில் "பைத்தான் -எம் பிப்" என்று அடிப்பது நல்லது. ஒரே லேப்டாப்பில் மூன்று பைத்தான் இருக்கும்போது, பிப் ஒன்றுக்கும் ரன் பட்டன் இன்னொன்றுக்கும் போய், "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" வருவது இதனால்தான். விஎஸ் கோடின் கீழ் மூலையில் எந்தப் பைத்தான் தெரிகிறது என்று பாருங்கள்.

"பிப் ஃப்ரீஸ்" எடுத்து ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) செய்யும் இடத்தில் இரண்டு தவறு நடக்கும். வென்வை ஆக்டிவேட் செய்யாமல் எடுத்தால், இதுவரை அந்த லேப்டாப்பில் போட்ட அத்தனை பேக்கேஜும் வந்து நிற்கும். அனகோண்டாவுக்குள் எடுத்தால் சில வரிகளில் பதிப்பு எண்ணுக்குப் பதில் ஏதோ ஒரு டிஸ்க் பாதை இருக்கும். அந்தப் பாதை உலகத்தில் வேறெந்த லேப்டாப்பிலும் கிடையாது, இன்ஸ்டால் அங்கேயே நின்றுவிடும். அவுட்பாஸ் செயலிக்கு நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தும் பேக்கேஜ் ஏழெட்டுதான் இருக்கும். அவற்றைப் பதிப்பு எண்ணோடு கையால் எழுதினாலே போதும், படிக்கவும் எளிது.

பைத்தானின் ஆகப் புதிய பதிப்பைப் போடாதீர்கள். டென்சர்ஃப்ளோ போன்ற பெரிய நூலகங்கள் புதிய பதிப்புக்குத் தயாராகச் சில மாதங்கள் ஆகும். அதுவரை "பொருத்தமான பதிப்பு இல்லை" என்று பிப் சொல்லும், அல்லது மூலத்திலிருந்து கம்பைல் செய்ய முயன்று மைக்ரோசாஃப்ட் சி++ பில்டு டூல்ஸ் கேட்கும். அதைப் பார்த்து ஜிபி கணக்கில் டவுன்லோடு செய்ய ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றிரண்டு பதிப்பு பின்னால் உள்ள பைத்தானைப் போட்டாலே பெரும்பாலும் தீரும். நால்வரும் ஒரே பதிப்பு, அது ரீட்மீயின் முதல் வரியில். வென்வ் ஃபோல்டரை பென்டிரைவில் கொடுப்பது வீண் வேலை, அதற்குள் உங்கள் லேப்டாப்பின் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

ரியாக்ட் பக்கம் இதற்குச் சமமானது பேக்கேஜ்-லாக் ஃபைல். அதைக் கட்டாயம் கமிட் செய்யுங்கள். புது லேப்டாப்பில் "என்பிஎம் இன்ஸ்டால்" அல்ல, "என்பிஎம் சிஐ". லாக் ஃபைலில் உள்ள அதே பதிப்புகளை அச்சுப் பிசகாமல் போடும்.

நிரலுக்குள் சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதை ஒன்றுகூட இருக்கக்கூடாது. பைத்தானில் பாத்லிப் கொண்டு, ஓடும் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து பாதையைக் கட்டுங்கள். படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் கவனியுங்கள். லோகோ என்பதை ஃபைலில் பெரிய எழுத்தில் தொடங்கி, நிரலில் சின்ன எழுத்தில் கேட்டால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். சர்வரில் இருக்கும் லினக்ஸ் பொறுக்காது, படம் வராது.

தரவுத்தளம்

இந்த அளவு செயலிக்கு நான் எஸ்க்யூலைட்டைத்தான் சொல்வேன். பைத்தானுடனே வருகிறது, தனி சர்வர் வேண்டாம், மொத்தத் தரவும் ஒரே ஃபைல். மைஎஸ்க்யூஎல் சர்வரையும் சேர்த்துத் தரும் எக்ஸாம்ப் தொகுப்பில் மைஎஸ்க்யூஎல் பச்சை ஆகாமல் மறுப்பதற்கு மிகச் சாதாரணக் காரணம், ஏற்கெனவே தனியாகப் போட்ட இன்னொரு மைஎஸ்க்யூஎல் 3306 போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். விண்டோஸ் சர்வீஸஸில் அதை நிறுத்தினால் இது கிளம்பும். எஸ்க்யூலைட்டில் அந்தக் கதையே இல்லை.

இரண்டு விஷயத்தை மட்டும் அறிந்து இறங்குங்கள். எஸ்க்யூலைட் ஃபாரின் கீயை இயல்பாகச் சோதிக்காது. இல்லாத மாணவர் எண்ணுக்கு அவுட்பாஸ் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை கனெக்ட் ஆனதும் ஃபாரின் கீஸ் ப்ராக்மாவை ஆன் செய்ய வேண்டும். அடுத்து, "டேட்டாபேஸ் இஸ் லாக்டு". எஸ்க்யூலைட் ஃபைலைத் திறந்து பார்க்கும் டிபி பிரவுசரில் ஒரு வரியைத் திருத்திவிட்டு ரைட் சேஞ்சஸ் அழுத்தாமல் அப்படியே விட்டிருப்பீர்கள். அந்த ஜன்னல் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, ஃப்ளாஸ்க் எழுத முடியாமல் தவிக்கும்.

தரவு ஃபைல் ரெப்போவில் வேண்டாம். டேபிள்களை உருவாக்கும் எஸ்க்யூஎல் ஃபைல் ஒன்று, 10 மாணவர், 2 வார்டன் என்று மாதிரித் தரவை நிரப்பும் ஃபைல் இன்னொன்று. இவை இரண்டும் இருந்தால் எந்த லேப்டாப்பிலும் ஒரு நிமிடத்தில் தரவுத்தளம் தயார்.

பெயர்களைத் தமிழில் சேமிக்க நினைத்தால், நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் காத்திருக்கிறது. விண்டோஸில் ஓப்பன் ஃபங்ஷனுக்கு என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறை) கொடுக்காவிட்டால், இன்று பெரும்பாலான பைத்தான் பதிப்புகள் சிபி1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். எல்லா மொழிக்கும் பொதுவான யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். புள்ளியின் மூன்றாவது பைட் 16 அடிமான எண்ணில் 8-க்குப் பக்கத்தில் டி. அந்த அட்டவணையில் அந்த இடம் காலி. அதனால் க, மா, சி எல்லாம் புரியாத குறிகளாகவாவது உள்ளே வந்துவிடும், க் என்ற எழுத்து வந்ததும் நிரல் சார்மேப் எர்ரர் கொடுத்து நின்றுவிடும். "ஒரு பெயருக்கு மட்டும் எர்ரர் வருது" என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பெயரில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஓப்பன் வரும் இடமெல்லாம் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதினால் முடிந்தது. எக்ஸலில் திறக்கப்போகும் சிஎஸ்வி என்றால் யுடிஎஃப்-8-சிக். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் 5 என்று சொல்லும், 3 என்று அல்ல: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. எழுத்தாக எண்ண ஓப்பன்-தமிழ் நூலகத்தின் கெட் லெட்டர்ஸ் உதவும். மைஎஸ்க்யூஎல்தான் வேண்டும் என்றால் யுடிஎஃப்8எம்பி4 வைத்துக்கொள்ளுங்கள். பழைய யுடிஎஃப்8 தமிழைத் தாங்கும், ஒரு இமோஜி வந்தால் தாங்காது.

டீபக்கர்

ஓடும் நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டூல் இது. ப்ரின்ட் போட்டுப் பிழை தேடுவது தவறில்லை. ஆனால் ப்ரின்ட் சில நேரம் உண்மையை மறைக்கும். அவுட்பாஸ் செயலியில் மாலை 18:00-க்கு மேல் வெளியே போனால் "தாமதம்" என்று குறிக்க வேண்டும். காலை 9:30-க்குப் போன மாணவருக்கும் தாமதம் என்று விழுகிறது. நேரத்தை ப்ரின்ட் செய்தால் 9:30, 18:00 என்று சுத்தமாக வருகிறது. நிரலில் குறையே தெரியாது.

விஎஸ் கோடில் அந்த இஃப் வரியின் மேல் எஃப்9 அழுத்துங்கள், சிவப்புப் புள்ளி விழும். எஃப்5 அழுத்தி ஓட்டுங்கள். அந்த வரியில் நிரல் நிற்கும்போது இடதுபக்க வேரியபிள்ஸ் பகுதியைப் பாருங்கள்: '9:30', '18:00' என்று மேற்கோள் குறியோடு இருக்கும். இரண்டும் நேரம் இல்லை, எழுத்துச் சரம். சரத்தில் முதல் எழுத்தைத்தான் முதலில் ஒப்பிடும். 9 என்பது 1-ஐ விடப் பெரியது, ஆகவே 9:30 பெரியது. 09:30 என்று வந்திருந்தால் பிழை ஒளிந்தே இருந்திருக்கும். டேட்டைமின் ஸ்ட்ரிப்டைம் கொண்டு இரண்டையும் உண்மையான நேரமாக மாற்றி ஒப்பிட்டால் சரி. ப்ரின்ட் அந்த மேற்கோள் குறியைக் கழற்றிவிட்டுக் காட்டியதால்தான் அது கண்ணில் படவில்லை.

எஃப்10 அடுத்த வரி, எஃப்11 ஃபங்ஷனுக்குள் நுழைய. இருநூறு மாணவர் ஓடும் லூப்பில் ஒருவருக்கு மட்டும் பிழை என்றால், சிவப்புப் புள்ளியில் ரைட் க்ளிக் செய்து அந்த மாணவர் எண்ணை நிபந்தனையாகக் கொடுங்கள். அவர் வரும்போது மட்டும் நிற்கும். ஃப்ளாஸ்க்கில் புள்ளி வைத்தும் நிற்கவில்லை என்றால், ரீலோடர் இன்னொரு ப்ராசஸைக் கிளப்பியிருக்கலாம்; --நோ-ரீலோட் கொடுத்து ஓட்டுங்கள்.

சி மொழியில் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் ஒன்று இருக்கிறது. ஜிசிசிக்கு -ஜி, -வால் இரண்டோடு -எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். 10 இடமுள்ள அரேயில் பதினோராவது இடத்தைத் தொட்டால், எந்த ஃபைல், எந்த வரி என்று சொல்லி அங்கேயே நிறுத்தும். இல்லாவிட்டால் அந்தத் தவறு எங்கோ வேறு ஃபங்ஷனில் போய் செக்மென்டேஷன் ஃபால்ட்டாக வெடிக்கும், அல்லது வெடிக்காமலே தப்பான விடை தரும். வழக்கமான மின்ஜிடபிள்யூவில் இது கிடையாது. அட்மின் பவர்ஷெல்லில் "டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்" அடித்து உபுண்டுவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏபிஐ, பிரவுசர், போன்

ரியாக்ட் பக்கத்தில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. முன்பக்கம் எழுதியவர் பின்பக்கத்தைச் சொல்வார், பின்பக்கம் எழுதியவர் முன்பக்கத்தை. சண்டையை எஃப்12 அழுத்தித் தீர்த்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பகுதியில் அந்த ரிக்வெஸ்ட்டின் எண்ணைப் பாருங்கள். 404 என்றால் முகவரி தப்பு. 405 என்றால் போஸ்ட் அனுப்ப வேண்டிய இடத்தில் கெட், அல்லது தலைகீழாக. 415 என்றால் ஜேசன் என்று ஹெட்டரில் சொல்லவில்லை. 500 என்றால் பின்பக்க டெர்மினலைப் போய்ப் படியுங்கள்.

ரிக்வெஸ்ட்டை நேரடியாக அனுப்பிப் பார்க்கும் போஸ்ட்மேனில் ஓடுகிறது, பிரவுசரில் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் கார்ஸ் (வேறு முகவரியின் பதிலைப் பக்கம் படிக்கலாமா என்ற விதி) மேல் இருக்கட்டும். அது பிரவுசர் விதிக்கும் கட்டுப்பாடு, போஸ்ட்மேனுக்கு அது பொருந்தாது. ஃப்ளாஸ்க்-கார்ஸ் பேக்கேஜில் உங்கள் ரியாக்ட் முகவரியை அனுமதிக்க வேண்டும். லோக்கல்ஹோஸ்ட் 5173-உம் 127.0.0.1-இன் 5173-உம் பிரவுசருக்கு வேறு வேறு முகவரிகள். ஒன்றை அனுமதித்துவிட்டு இன்னொன்றைத் திறந்தால் மறுபடி அதே எர்ரர்தான்.

ஆண்ட்ராய்டு எமுலேட்டர் 8 ஜிபி ரேம் லேப்டாப்பை மூச்சுத் திணற வைக்கும். சொந்த போனையே பயன்படுத்துங்கள்: அபவுட் போனில் பில்டு நம்பரை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். ஆப்புக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது போனையே குறிக்கும், லேப்டாப்பை அல்ல. எமுலேட்டரில் லேப்டாப்பின் முகவரி 10.0.2.2. நிஜ போனில், கேபிளைச் செருகி "ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:5000 டிசிபி:5000" அடித்தால் போனின் லோக்கல்ஹோஸ்ட் 5000 நேராக லேப்டாப்புக்கு வரும். கல்லூரி வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருந்தாலும் இந்த வழி வேலை செய்யும். இன்னும் கனெக்ட் ஆகவில்லையா? ஆண்ட்ராய்டு 9-லிருந்து சாதாரண எச்டிடிபி இயல்பாகத் தடுக்கப்படுகிறது. டெவலப்மென்ட் வரைக்கும் மேனிஃபெஸ்ட்டில் க்ளியர்டெக்ஸ்ட் அனுமதியைக் கொடுங்கள்.

இரவல் லேப்டாப், ஒவ்வொரு புஷ்ஷுக்கும்

ஆரம்பத்தில் சொன்ன சோதனையைத் தினமும் செய்ய முடியாது. கிட்ஹப் ஆக்ஷன்ஸ் செய்யும். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒரு புத்தம் புது லினக்ஸ் இயந்திரத்தை எடுத்து, க்ளோன் செய்து, ரிக்வயர்மென்ட்ஸ் போட்டு, நீங்கள் எழுதிய டெஸ்ட்களைப் பைடெஸ்ட் கொண்டு ஓட்டும். பப்ளிக் ரெப்போவுக்குக் காசு கிடையாது. மறந்துபோன பேக்கேஜ், சி டிரைவ் பாதை, பெரிய எழுத்து சின்ன எழுத்துக் குழப்பம் மூன்றையும் அது பிடித்துவிடும், அந்த வரிகளை ஏதாவது ஒரு டெஸ்ட் தொட்டால். டெஸ்ட் நிறைய வேண்டாம். தாமதக் கணக்குக்கு 9:30, 18:00, 18:01 என்று மூன்று போதும். ஆக்ஷன்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு யாமல் ஃபைலில் எழுதி ரெப்போவில் வைக்க வேண்டும், அதில் டேப் போடக்கூடாது. பைத்தான் பதிப்பை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்; வெறும் 3.10 என்று எழுதினால் அதை எண்ணாகப் படித்து 3.1 என்று எடுத்துக்கொள்ளும்.

செயலியை இணையத்தில் ஏற்றும் ஹோஸ்டிங்கில், ஹெரோகு இலவசம் என்று சொல்லும் வீடியோக்களைத் தாண்டிப் போங்கள். அது 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. ரெண்டர் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வர் தூங்கிவிடும், எழ ஒரு நிமிடம் போல ஆகும்; உங்கள் முறை வருவதற்குச் சற்று முன்பு லிங்க்கைத் திறந்து வையுங்கள். அதன் டிஸ்க் நிலையானதும் இல்லை. சர்வர் மறுபடி கிளம்பும்போது எஸ்க்யூலைட் ஃபைலில் சேர்த்ததெல்லாம் போய்விடும், மாதிரித் தரவு நிரப்பும் ஃபைல் அங்கேயும் கைகொடுக்கும். கூகுளின் இணையத் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரை டெஸ்ட் மோடில் தொடங்கியவர்கள் ரூல்ஸில் இருக்கும் தேதியைப் பாருங்கள்: 30 நாள்தான். ஃபர்ஸ்ட் ரிவ்யூவில் ஓடியது செகண்ட் ரிவ்யூவில் "பெர்மிஷன் டினைடு" என்று நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

சாட்ஜிபிடி, கோபைலட் எழுதித் தரும் நிரலை எடுப்பதானால் வரிவரியாகப் படித்து, வைவாவில் விளக்க முடிகிற வரியை மட்டும் கமிட் செய்யுங்கள். அவை சொல்லும் பேக்கேஜ் பெயர் உண்மையிலேயே இருக்கிறதா, அது நீங்கள் நினைக்கும் பேக்கேஜ்தானா என்று இன்ஸ்டால் செய்யும் முன் பார்த்துவிடுங்கள்.

ரிவ்யூவுக்கு முந்தின நாள், எல்லாம் ஓடுகிற நிலையில், "கிட் டேக் ரிவ்யூ-2" என்று ஒரு பெயர் வையுங்கள். டேக் தானாகப் போகாது, "கிட் புஷ் ஆரிஜின் ரிவ்யூ-2" என்று தனியாக அனுப்ப வேண்டும். அதன் பிறகு இரவு 11 மணிக்கு யாராவது ஒரு சின்ன மாற்றம் செய்து எல்லாம் நின்றுபோனால், அந்த மாற்றத்தை ஒரு கமிட்டாகப் போட்டுவிட்டு, "கிட் ஸ்விட்ச் --டிடாச் ரிவ்யூ-2". மதியம் ஓடிய அதே நிரல் திரும்ப வந்துவிடும். அன்று இரவு பேக்கேஜ் எதையும் அப்டேட் செய்யாதீர்கள், விண்டோஸையும்தான். செயலி ஓடுவதை ஓபிஎஸ் ஸ்டுடியோவில் 2 நிமிட வீடியோவாகப் பிடித்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். ரிவ்யூ அறையில் நெட் வராவிட்டாலும் காட்ட ஏதாவது கையில் இருக்கும்.